திரும்பாத டப்பாக்களும் அப்பாவின் லீவும்

கராடி, புனே.
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த சுப்ரஜா அத்தைக்கு,

ஆனந்தவல்லி வணங்கி எழுதுவது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். அப்பாவின் புரோகிராமும் நேற்று மாலையிலிருந்து நலம். மயிலாடுதுறையில் நீங்களும் தாத்தாவும் நலமாக இருப்பீர்கள், வெள்ளிக்கிழமை முதல் எனக்கு மாமா ஆகப்போகிறவரும் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். தபாலில் போட்டால் கடிதத்துக்கு முன்னால் நாங்களே வந்துவிடுவோம் என்பதால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

புதன்கிழமை நீங்கள் போனில், "என்னடி நடக்குது அங்க? உங்கப்பா வராரா இல்லையா? பொரி போடக் கூடப்பிறந்த அண்ணன் வரலைன்னா, பெரியப்பா மகன் கல்யாணசுந்தரம் இப்பவே ரெடியா நிக்கிறாரு" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கி, "வருவாரு, வருவாரு" என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னால் அவருக்கே தெரியாது என்று அர்த்தம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தாத்தாவுக்கும் படித்துக் காட்டலாம். கடினமான இடங்களில் நானே விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

ஒரு கூரியர் கிடங்கில் பெல்ட் மேல் பார்சல்கள் ஓடிக்கொண்டே இருக்குமாம். மேலே ஒரு கேமரா போட்டோ எடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் போட்டோவில் உள்ள விலாசத்தைப் படித்துச் சொல்வதுதான் அப்பா கம்பெனியின் புரோகிராம். ஒருவரால் அத்தனையும் படிக்க முடியாது என்பதால் அதற்குள் முப்பத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். உண்மையான ஆட்கள் இல்லை அத்தை, புரோகிராமின் துண்டுகள்தான். ஆனால் அப்பா அவர்களை "இவனுங்க" என்றுதான் சொல்கிறார், அதனால் எனக்கும் அப்படியே பழகிவிட்டது. ஒவ்வொருவனும் ஒரு போட்டோவை எடுக்கும்போது கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்து கொஞ்சம் இடம் வாங்கிக்கொள்ள வேண்டும், முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். யாரோ திருப்பித் தரவில்லை. இதற்குப் பெயர்தான் மெமரி லீக். ஆறு மணி நேரத்தில் மெமரி மொத்தமும் தீர்ந்து புரோகிராம் படுத்துவிடும், பார்சல் எல்லாம் பெல்ட்டிலேயே நிற்கும், கிடங்குக்காரர் அனிருத் சாரைக் கூப்பிடுவார், அப்பாவின் மேனேஜரான அனிருத் சார் அப்பாவைக் கூப்பிடுவார். "ஜெகதீஷ், இது சரியாகிற வரைக்கும் லீவு கிடையாது" என்று சொல்லிவிட்டார். உங்கள் கல்யாணத்துக்காக அப்பா ஆறு மாதத்துக்கு முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்த லீவு அத்தை அது!

அப்பா சும்மா இருக்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். முதலில் மெமரியை இரண்டு மடங்காக்கினார். ஆறு மணி நேரத்தில் படுத்தது பன்னிரண்டு மணி நேரத்தில் படுத்தது. டிபன் நேரத்தில் வந்துகொண்டிருந்த அனிருத் சாரின் போன் சாப்பாட்டு நேரத்தில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்து, முப்பத்திரண்டு பேரில் யார் திருடன் என்று தெரியாததால் முப்பத்தோரு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒருவனை மட்டும் வைத்துப் பார்த்தார். அவனும் இடத்தைத் தின்றான், ஆனால் மிக மெதுவாக. இந்த வேகத்தில் போனால் அவன் மாட்ட எட்டு நாள் ஆகும் என்றார் அப்பா. "எட்டு நாள்ல உங்க தங்கச்சிக்கு மறுவீடே முடிஞ்சிடும்" என்றார் அம்மா. உடனே அப்பா முப்பத்திரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதி வையுங்கள் என்று ஒரு டைரி கொடுத்தார். எல்லோரும் ஒரே டைரியில் ஒரே நேரத்தில் எழுதியதால் ஒருவன் வரியின் தலையும் இன்னொருவன் வரியின் வாலும் ஒட்டிக்கொண்டு, படித்தால் அப்பாவுக்குத் தலை சுற்றியது, மதியத்துக்குள் டைரி வீங்கி டிஸ்க் நிறைந்து, மெமரி மிச்சம் இருக்கும்போதே புரோகிராம் படுத்துவிட்டது. கடைசியாக மெமரியை வேவு பார்க்கவென்றே இருக்கும் ஒரு கருவியைப் போட்டார். அது புரோகிராமைவிட அதிகமாக மெமரியைச் சாப்பிட்டு, முதலில் அது படுத்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்து ரொம்ப நேரம் சிரித்தார். அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றைக்கு அம்மா தோசை போடும்போது அப்பா, "இது எத்தனாவது? இதுக்கு முன்னாடி போட்டது எங்க போச்சு?" என்று கேட்க, அம்மா, "உங்க வயித்துக்குள்ள. அங்க லீக் எதுவும் இல்ல, சாப்பிடுங்க" என்றார்.

எனக்குக் கணபதி விடுமுறை. அப்பா மீட்டிங்கில் இருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெமரி எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று குறித்து வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். நான் அதை கிராஃப் தாளில் வரைந்தேன், ஏனென்றால் எண்களைவிடக் கோடு சீக்கிரம் உண்மையைச் சொல்லும் என்று எங்கள் கணக்கு மிஸ் சொல்லியிருக்கிறார். கோடு நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, ஆனால் தினமும் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை செங்குத்தாக ஏறியது. அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். கிடங்கில் எல்லோரும் சாப்பிடப் போவார்கள், வெறும் பெல்ட்தான் ஓடும், கேமரா மட்டும் பழக்கதோஷத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் என்றார்.

"அப்பா, அப்ப வேலை இருக்கும்போது இடம் அவ்வளவா குறையல. வேலை இல்லாதப்பதான் வேகமா குறையுது!"

"வெறும் பெல்ட்டைப் பாத்துட்டு நிக்கிறவன் இடத்தை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவான்? போய்ப் படி."

இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். மரியாதை கருதிச் சொல்லவில்லை.

நேற்று காலை அம்மா உங்கள் கல்யாணத்துக்காக நூற்றைம்பது முறுக்கு சுட்டார். போட்டு வைக்க டப்பா எடுத்து வரச் சொன்னார். அத்தை, எங்கள் சமையலறையில் பதினான்கு டப்பா இருந்தது, அதில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை! கணபதி வந்ததிலிருந்து பக்கத்து வீடுகளிலிருந்து மோதகமும் பூரண்போளியும் வந்துகொண்டே இருந்தன. வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது, எதையாவது போட்டுத்தான் தர வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். அம்மா உங்கள் கல்யாண வேலையில் இருந்ததால் போட்டுத் தர எதுவும் செய்யவில்லை. எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கி வைத்தபடியே இருந்தன. "அப்படியே கொடுத்துட்டு வரட்டுமா?" என்றேன். "வெறும் டப்பாவையா? மானம் போயிடும்டி!" சரி, நம் டப்பாவையாவது வாங்கி வரலாம் என்று எதிர்வீட்டு நீலா மௌஷியிடம் போனேன் (மராத்தியில் மௌஷி என்றால் சித்தி). அவர் அலமாரியைத் திறந்தார். எங்கள் டப்பா ஒன்பது, பளபளவென்று கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக! மௌஷி கன்னத்தில் கைவைத்து, "அக பாளா, ரிகாமா டபா கசா தேவூ?" என்றார். வெறும் டப்பாவை எப்படிக் கொடுப்பது என்று அவருக்கும் அதே வெட்கம். வியாழக்கிழமை சக்லி, அதாவது இவர்கள் ஊர் முறுக்கு, சுட்டதும் தருவாராம்.

கதவைத் தாண்டுவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி அப்பாவின் முன்னால் நின்று, "அப்பா! விலாசமே கிடைக்கலைன்னா அவன் எப்படிப்பா டப்பாவைத் திருப்பிக் குடுப்பான்?" என்று கத்தினேன். அப்பா மீட்டிங்கில் இருந்தார். மைக் திறந்திருந்தது. பதினொரு பேர் கேட்டார்கள். "யே கோன் ஹை?" என்று, யார் இது என்று கேட்டது அனிருத் சாரின் குரல். அப்பா திரையில் எழுத்துகளை விறுவிறுவென்று ஓட்டினார், ஓரிடத்தில் விரலை வைத்தார், "ஐயோ" என்றார். விலாசத்தை டப்பாவுக்குள் (அதாவது வாங்கிய மெமரி இடத்துக்குள்) போட்டு, அதோடு சேர்த்துத்தான் டப்பாவைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தது! விலாசம் இல்லாத வெறும் பெல்ட் போட்டோ வந்தால் அவன் கூச்சப்பட்டுக்கொண்டு டப்பாவைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான், அடுத்த போட்டோவுக்குப் புது டப்பா வாங்குகிறான். முப்பத்திரண்டு பேரும் இப்படியே! அப்பா இரண்டே வரி சேர்த்தார்: ஒன்றும் இல்லாவிட்டாலும் திருப்பிக் கொடு. அதன்பிறகு நான் வரைந்த கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருக்கிறது. அதை இத்துடன் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்.

பிறகு அனிருத் சார், இதை முதலில் எழுதியது யார் என்று கேட்டார். எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று பார்க்க வழி இருக்கிறதாம். பார்த்தார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால், எங்கள் அப்பா. அப்பா சீலிங் ஃபேனைப் பார்த்தார். சமையலறையிலிருந்து அம்மா, "நல்ல குடும்பத்துல வளந்தவர் அப்படித்தான் எழுதுவாரு" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. அனிருத் சார் கோபப்படவில்லை. அவரே மூன்று தடவை அந்த இடத்தைச் சரிபார்த்தவராம், புனேயிலேயே சாங்வியில் இருக்கும் அவர் வீட்டிலும் இதே வழக்கமாம், அதனால் யார் கண்ணுக்கும் அது தப்பாகவே தெரியவில்லையாம். சிரித்து முடித்துவிட்டு, "போங்க ஜெகதீஷ், ஐந்து நாள். லேப்டாப் புனேயிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை ரயில், அத்தை! மூன்று பேரும் வருகிறோம்!

ஒரு சின்ன மாற்றம் மட்டும். சந்தோஷத்தில் அம்மா பதினான்கு டப்பாவிலும் கல்யாண முறுக்கைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் டப்பாக்களும் ஒரு மணி நேரத்தில் சங்கர்பாளி என்ற தித்திப்புத் துண்டுகளால் நிறைந்து வந்துவிட்டன. ஆகவே உங்கள் சீர்த்தட்டில் முறுக்குக்குப் பதிலாகச் சங்கர்பாளி இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் புனே முறுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

நான் சிறியவள், ஆசீர்வாதம் செய்ய முடியாது. அதனால் நீங்களும் மாமாவும் நூறு வருடம் சண்டை போட்டுச் சமாதானமாகி நன்றாக இருக்க வேண்டும் என்று கணபதியிடம் வேண்டிக்கொண்டேன். தாத்தாவுக்கு என் நமஸ்காரம். பொரித் தட்டின் பக்கம் நிற்க வேண்டாம் என்று கல்யாணசுந்தரம் பெரியப்பாவிடம் மரியாதையாகச் சொல்லவும்.

தங்கள் அன்பு மருமகள்,
ஆனந்தவல்லி, ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு: லேப்டாப் புனேயிலேயே இருக்கும் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். இப்போதுதான் அனிருத் சார் போன் செய்தார். கிடங்குக்காரருக்கு ஒரே சந்தோஷமாம், லீக்கை எப்படிப் பிடித்தார் என்று அப்பா வாயாலேயே கேட்க வேண்டுமாம், வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. "அது என் தங்கச்சி முகூர்த்தம் சார்" என்றார் அப்பா. "அரை மணி நேரம்தானே ஜெகதீஷ்" என்றார் அவர். அம்மா கரண்டியோடு வந்து நின்றார். அப்பா, "முப்பத்திரண்டு பேரை ஒரே நேரத்துல வேலை வாங்கறவன், நான் ஒருத்தன் ரெண்டு வேலை பாக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டார். பொரி போட இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனை நான் அப்பா காதில் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஐயரை மட்டும் மந்திரத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் அப்பா இங்கிலீஷில் ஏதாவது சொன்னால் பயப்படாதீர்கள். நீங்கள் கையை மட்டும் நீட்டுங்கள் அத்தை.