ஒஸ்டினுக்கு எழுந்து நின்றார்கள்

அலுமாரி கூரைமேல் ஏறியதும் ஒஸ்டின் கார் ஒரு பக்கம் சாய்ந்தது.

"சாயல அன்னம். உட்காருது," என்றார் ராஜலிங்கம்.

"உட்கார்ந்தா நாலு சக்கரமும் உட்காரணும். இது குந்த வச்ச மாதிரி இருக்கு," என்றாள் அவர் மனைவி அன்னலட்சுமி.

பன்விலைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் அக்கா பேச்சியம்மாவின் மகளுக்கு மறுநாள் கல்யாணம். சீராகக் கொடுக்கவேண்டிய அலுமாரி கண்டியில் இருந்தது. ஏற்றிப்போக ஒப்புக்கொண்ட லொறிக்காரர் போனை எடுக்கவில்லை.

"இதுக்குத்தான் சொல்றது," என்றாள் அன்னலட்சுமி. "லீசிங்ல ஒரு வண்டி எடுத்திருந்தா இந்தக் கேவலம் உண்டா? தம்பிய பாருங்க. எப்படி வச்சிருக்கான்!"

தம்பி சதீஸ்குமார் வாசற்படியில் நின்று பணிவாகச் சிரித்தான். ஒரு வாரமாக அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தான். அவனுடைய புத்தம்புது வெள்ளி நிறக் கார் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் நின்றது. வெயில் பட்டால் பெயின்ட் மங்கிவிடுமாம்.

ராஜலிங்கம் மாநகர சபையில் எழுதுவினைஞர். லீசிங் பற்றி அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தவணை கட்டி முடிக்கும்வரை கார் கம்பனியுடையது. அடுத்தவன் காரை ஞாயிற்றுக்கிழமை தோறும் நாம் ஏன் கழுவவேண்டும்? இந்தக் கறுப்பு ஒஸ்டின் அப்பா விட்டுப்போனது. இருமும், புகையும், மேட்டில் மூச்சு வாங்கும். ஆனால் அவருடையது.

"ஒரு பேச்சுக்கு வருவோம்," என்றாள் அன்னலட்சுமி. "இது இந்த அலுமாரியோட பன்வில போய்ச் சேர்ந்திச்சுன்னா, இனி லீசிங்னு வாயத் தொறக்க மாட்டேன். நடுவழியில நின்னுச்சுன்னா, திங்கட்கிழமை நீங்க போய்க் கையெழுத்துப் போடணும்."

"சரி," என்றார் ராஜலிங்கம். சொன்னபிறகுதான் வத்தேகமைக்கு அப்பால் இருக்கும் மேடு நினைவுக்கு வந்தது.

மழை தூறத் தொடங்கியது. ராஜலிங்கம் பொலித்தீன் தேடினார்.

"அது காத்துல கிழிஞ்சிரும் மச்சான்," என்று சதீஸ்குமார் உள்ளே ஓடினான். ஒரு புது வெள்ளைப் படுக்கை விரிப்போடு வந்தான். அலுமாரியைச் சுற்றி இழுத்து, நான்கு மூலையையும் அழகாக மடித்துச் செருகினான்.

"மழைக்குத் துணியாடா மாப்ள?"

"இறுக்கிக் கட்டினா வழிஞ்சு ஓடிரும்."

அலுமாரியின் அடிப்பக்கம் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டினால் சிவப்புத் துணி கட்டவேண்டும். வீட்டில் சிவப்பாக இருந்தது அன்னலட்சுமியின் கூறைச்சேலை மட்டும்.

"துணிதான முக்கியம், நிறத்த யாரு பாக்குறா?" சதீஸ்குமார் மிச்சமிருந்த வெள்ளைத் துணியைக் கீலம் கீலமாகக் கிழித்தான். பின்னால் ஒன்று கட்டினான். பாரம் ஒத்துப்போக வேண்டும் என்று முன்னால் இரண்டு கட்டினான். "மலைப்பக்கம் பனியா இருக்கும், லைட்டப் போட்டுக்கங்க. இருபதுக்கு மேல ஓட்டாதீங்க. நான் பின்னாலயே வர்றேன்."

"நீ முன்னால போயிரேன். உன் வண்டிக்கு இந்த வேகம் தாங்குமா?"

"சே! உங்கள விட்டுட்டுப் போவேனா?"

ராஜலிங்கம் மைத்துனனின் தோளைத் தட்டினார். ஒஸ்டினைக் கண்ட இடத்தில் ஹோர்ன் அடித்து முந்திப்போகிறவன் இவன்.

முதல் அதிசயம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நடந்தது. எதிரே வந்த பஸ் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டியது. கண்டியில் பஸ் வழிவிட்டு ராஜலிங்கம் பார்த்ததில்லை. நன்றிக்குக் கையைத் தூக்கினார். சாரதி பதிலுக்குத் தலை குனிந்தார்.

"என்னங்க, அந்தாளு கும்புடுறாரு?"

"பழைய வண்டிய மதிக்கத் தெரிஞ்சவரா இருப்பாரு."

சந்தியில் பலகாரம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கையில் வடையோடு அப்படியே நின்றார்கள். ஒருவர் கடித்த வாயை மூடவில்லை. முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் பாட்டை நிறுத்தினார்.

மடவளையில் ரேடியேட்டர் கொதித்தது. ராஜலிங்கம் ஒரு தேநீர்க் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். கடை முதலாளி பவாஸ் வெளியே வந்து கூரையைப் பார்த்தார். உள்ளே திரும்பி ரேடியோவை நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்களுக்கு என்ன வேணும்?"

"தண்ணி," என்றார் ராஜலிங்கம். "ஒரு வாளி."

பவாஸ் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போய்த் தானே வாளியைத் தூக்கி வந்தார். பொனட்டுக்குள் தலையை விட்டிருந்த ராஜலிங்கத்தின் அருகில் கைகட்டி நின்றார்.

"எத்தின வயசு?"

"அறுபது தாண்டிருச்சு."

"என்ன வருத்தம்?"

ராஜலிங்கத்துக்கு உற்சாகம் வந்தது. ஒஸ்டினின் நோயை இவ்வளவு கரிசனையோடு யாரும் விசாரித்ததில்லை. "மூச்சுத்தான். மேடு ஏறினா இழுக்கும்."

"கொழும்புக்குக் கொண்டு போகல்லியா?"

"கொண்டு போனேன். ரொம்பப் பழசு, கை வைக்க ஏலாதுன்னுட்டாங்க."

"குடி கிடி இரிந்திச்சா?"

"அத ஏன் கேக்குறீங்க! என் சம்பளத்துல பாதி அதுக்குத்தான்."

பவாஸ் நாக்கைச் சப்புக்கொட்டினார். "சரி, விடுங்க. யாரையும் கஷ்டப்படுத்தாமப் போய்ச் சேந்தாப் போதும்."

"எனக்கும் அந்தக் கவலைதான்," என்றார் ராஜலிங்கம். "இடையில நிக்காமப் போய்ச் சேரணும்."

பவாஸ் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மூன்று தேநீர் கொண்டுவரச் செய்தார். காசை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இண்டைக்கு உங்கள்ட்ட சல்லி எடுக்க ஏலா."

சதீஸ்குமார் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. அவன் தேநீரை அவனுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேரில் ஒருவர் வாங்கிக் குடித்தார். இருவரும் ஹெல்மட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள்.

வண்டி கிளம்பியதும் அன்னலட்சுமி கேட்டாள்: "ஏங்க காசு வாங்கல?"

ராஜலிங்கம் சற்று யோசித்தார். வேறு காரணம் தோன்றவில்லை.

"கடன் இல்லாத வண்டி அன்னம். பார்த்தாலே தெரிஞ்சிரும்."

வத்தேகமையில் பாடசாலை விட்ட நேரம். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வீதி ஓரத்தில் வரிசையாக அசையாமல் நின்றார்கள். சந்தியில் பொலிஸ்காரர் நான்கு பக்க வாகனங்களையும் மறித்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் மெதுவாக, மிக மெதுவாக, போகும்படி காட்டினார்.

ராஜலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதே சந்தியில், இதே ஒஸ்டினின் புகைக்காக, போன வருஷம் தண்டப்பணம் கட்டியிருக்கிறார்.

மேடு தொடங்கியது. ஒஸ்டின் முனகியது. இரண்டாம் கியருக்கு மேல் போக மறுத்தது. நடக்கிறவர்கள் கூடவே நடந்து வந்தார்கள். ஒருவரும் முந்தவில்லை.

ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது கீழே வீதி முழுவதும் தெரிந்தது. சதீஸ்குமாரின் வெள்ளிக் கார். மோட்டார் சைக்கிள். வான், லொறி, இரண்டு பஸ், எண்ண முடியாத முச்சக்கர வண்டிகள். எல்லாம் விளக்கெரிய, ஒன்றன்பின் ஒன்றாக, பனிக்குள் ஊர்ந்து வந்தன. ஒரு ஹோர்ன் சத்தம் இல்லை.

"அன்னம், அங்க பாரு."

அவள் பார்த்தாள்.

தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கூடையோடு நின்று கைகூப்பினார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள் ஒருத்தி. மலையில் அந்தப் பழைய என்ஜினைத் தவிர வேறு சத்தமே இல்லை. ராஜலிங்கத்துக்குக் கண் கலங்கியது. முப்பது வருஷம் அரசாங்க வேலை செய்திருக்கிறார். அலுவலகத்துக்குள் நுழைந்தால் பியோன்கூட எழுந்ததில்லை. இன்று ஒரு மலை எழுந்து நிற்கிறது.

அன்னலட்சுமி அவர் கையின்மேல் கை வைத்தாள்.

"மன்னிச்சிருங்க," என்றாள் மெல்லிய குரலில். "இத்தன காலமா இத வெறும் தகரம்னு நெனச்சுட்டேன். நமக்கு லீசிங் வேணாம்."

பன்விலையில் வாழைமரம் கட்டிய பந்தல் வாசலில் ஒஸ்டின் போய் நின்றது. தோட்டப் பாதையும் அங்கேயே முடிந்தது. பந்தலின் ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் நின்றது.

உள்ளேயிருந்து பேச்சியம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு யாரக் கொண்டாந்து எறக்குறீங்க, பாவிகளா!"

"அலுமாரிய அக்கா," என்றார் ராஜலிங்கம்.

"யாரு?"

"அலுமாரி!"

அவர் நான்கடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தார். வீட்டைவிட்டுக் கிளம்பியபின் வண்டியை எட்ட நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. கறுப்புக் கார். அதன்மேல் வெள்ளைத் துணி சுற்றிய, ஓர் ஆள் நீளப் பெட்டி. முன்னும் பின்னும் வெள்ளைக் கொடி. பகலில் எரியும் விளக்கு. பின்னால் தலைகுனிந்து வந்த ஊர்.

ராஜலிங்கம் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டார்.

யாரோ துணியை உருவினார்கள். அலுமாரிக் கண்ணாடியில் தன் அழுத முகத்தையே பார்த்த பேச்சியம்மா முதலில் திகைத்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள், பிறகு நிறுத்த முடியவில்லை. பாட்டு விட்ட இடத்திலிருந்து பாடியது. பின்னால் நின்ற வாகனங்கள் அதுவரை சேர்த்துவைத்திருந்த ஹோர்ன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடித்துவிட்டு, திட்டியபடி பின்னுக்குப் போயின.

அன்னலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த டீ?"

ராஜலிங்கம் முன்னாலிருந்த வெள்ளைக் கொடிகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அந்தப் பொலிஸ்காரரு?"

"வண்டி வந்து சேர்ந்திருச்சே அன்னம். நிக்கல. அதுதான பேச்சு?"

"பொண வண்டியா வந்து சேர்ந்திருக்கு! என் அக்கா வாசல்ல, கல்யாணத்துக்கு முதல் நாள்!" அவள் விரல் பாதையோரம் நின்ற வெள்ளிக் காரை நோக்கி நீண்டது. "அதப் பாருங்க. எவ்வளவு லட்சணமா வந்து நிக்குது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுறீங்க. தம்பியே கூட வருவான். எங்க அவன்?"

சதீஸ்குமாரைக் காணவில்லை. சமையல் நடந்த குசினிப் பக்கம் வேகமாகப் போனதாகப் பந்தலில் ஒருவர் சொன்னார்.

மோட்டார் சைக்கிளில் வந்த இருவரும் இன்னும் போகவில்லை. ஹெல்மட்டைக் கையில் பிடித்தபடி, அலுமாரியை ஒரு தரம், ஒஸ்டினை ஒரு தரம் பார்த்தார்கள். மூத்தவர் தயங்கித் தயங்கி ராஜலிங்கத்திடம் வந்தார்.

"நாங்க லீசிங் ஆபீஸ்ல இருந்து வர்றோம் ஐயா. தவண கட்டாத அந்தப் புது வண்டிய கட்டுகஸ்தோட்டையிலயே மறிச்சுத் தூக்கியிருப்போம், பொணத்துக்குப் பின்னால போறவர எப்படி எறக்குறதுன்னுதான் இவ்வளவு தூரம் கும்புட்டுக்கிட்டே வந்தோம்."