செருப்புத் தோல் பிரேக்

மனிதர்களில் 'இப்போதைக்குக்காரர்' என்று ஓர் இனம் உண்டு. பட்டாளம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள்கள் ஏலத்துக்கு வரத் தொடங்கிய பிறகு நம் திருவனந்தபுரத்தில் இந்த இனம் நன்றாகவே பெருகிவிட்டது. அவருடைய வண்டியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். பெட்ரோல் தொட்டி முகம் பார்க்கும்படி மின்னும்; விளக்கின்மேல் பிச்சிப்பூச் சரம் ஆடும்; ஆனால் உயிரைத் தாங்குகிற இடங்களிலெல்லாம் கயிறும் ஆணியும் தகரத்துண்டும்தான், 'இப்போதைக்கு'.

ஆரியசாலையில் மளிகை மண்டி வைத்திருக்கும் பகவதிப்பெருமாள் பிள்ளை இந்த இனத்துக்குத் தலைவர். தேங்காய் வாங்கினால் பத்தைத் தட்டி ஒன்றை எடுப்பார். மிளகாய் மூட்டை வந்தால் அடிவரை கையை விட்டு அள்ளி முகர்வார். சக்கரத்துக்குள் உரசி வண்டியை நிறுத்துகிற பிரேக் லைனிங் மட்டும் எதுவானாலும் சம்மதம், உள்ளே நுழைந்தால் சரி. ஏன் என்கிறீர்களா? அது கண்ணுக்குத் தெரியாதே!

லைனிங் தேய்ந்துபோனபோது பட்டறைக்காரர் யோசுவா சொன்னார்:

"அண்ணாச்சி, அசல் சாமான் மெட்ராஸிலேருந்து வரணும். மூணு வாரம் ஆகும். அதுவரை வண்டியத் தொடாதீங்க."

"மூணு வாரமா? வெள்ளிக்கிழமை பொன்முடி மலையிலே மச்சினன் பிள்ளைக்குப் பேரிடுகாவ வே!"

"பஸ்ஸிலே போங்க."

"வண்டி இருக்கச்சிலே பஸ்ஸா? நல்லாருக்கே!"

வீட்டுக்கு வந்து பழைய செருப்பை அறுத்து லைனிங் செய்துகொண்டார். "எருமைத் தோலாக்கும். எட்டு வருஷம் என்னையே தாங்கிச்சு, இப்போதைக்கு வண்டியத் தாங்காதா?"

தாங்கியது, ஏறும்போது. ஏறும்போது பிரேக் யாருக்கு வேண்டும்?

இறங்கும்போது, மூன்றாவது வளைவில், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சீதாலக்ஷ்மி கேட்டார்: "என்ன, தீயுத நாத்தம் அடிக்கே?"

"தேயிலை வறுக்கான். பேசாம இரி."

"தேயிலைக்குச் செருப்பு நாத்தமா?"

பிள்ளை பிரேக்கை மிதித்தார். பதில் இல்லை. ஏறி நின்று மிதித்தார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இரண்டு கால்களையும் தரையில் தேய்த்து, புதுச் செருப்பையும் பிரேக்காக்கி, அந்த நிமிஷம் நினைவுக்கு வந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போய், சாலைக்காரர்கள் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் வண்டியைப் புதைத்தார். பிள்ளை குவியலின் உச்சியில், சீதாலக்ஷ்மி அடிவாரத்தில். இருவருக்கும் சிராய்ப்புதான்.

"பாத்தியா? நின்னிட்டுல்லா!" என்றார் பிள்ளை.

"ஜல்லியில்லா நிறுத்திச்சு! அது அடுத்த வளைவிலே கிடந்தா நாம எங்கே கிடப்போம்?"

பிள்ளை வண்டியை ஜல்லியிலிருந்து தோண்டத் தொடங்கினார். சீதாலக்ஷ்மி சேலையை உதறினார். "அசல் சாமான் போட்டு யோசுவா நிறுத்திக் காட்டட்டும். அதுவரை நான் பஸ்ஸாக்கும்."

மீதி வளைவுகளை அவர் நடந்தே இறங்கினார். பின்னால், பிரேக்குக்குப் பதில் முதல் கியரை நம்பி, ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளை போல, பிள்ளை. மலையடிவாரத்தில், கல்லாறு நிறுத்தத்தில் பஸ் நின்றது. திரும்பிக்கூடப் பாராமல் அம்மையார் ஏறிக்கொண்டார்.

சாமான் வந்தது. யோசுவாவை மூன்று தடவை ஓட்டி நிறுத்தச் சொல்லிப் பார்த்த பிறகே சீதாலக்ஷ்மி வண்டியில் உட்கார்ந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வண்டியில் அப்படி ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் பின்னால் வழக்கமாக உட்காருகிறவர், கொஞ்ச நாளாக, காற்று ஒத்துக்கொள்ளவில்லை, இடுப்பு வலிக்கிறது என்றெல்லாம் சொல்லி பஸ்ஸில் போகிறாரா?

அப்படியானால் அவர் உங்களை 'இப்போதைக்குக்காரர்' என்று அடையாளம் கண்டுகொண்டுவிட்டார்.