கெண்டைக்கால் கல்யாணம்

உடற்பயிற்சிக் கூடத்துக் கண்ணாடிகள் முழங்காலோடு முடிந்துவிடும். அதனால்தான் ஆண்கள் தோளையும் மார்பையும் வளர்த்துக்கொண்டு, கீழே இரண்டு கால்கள் இருப்பதையே மறந்துபோகிறார்கள். எங்கள் ஊரான உலு திராமில் நண்பன் சேகரின் ஜிம்மில் வருடக்கணக்காகப் பளு தூக்கிய எனக்கு, என் கால்களை அறிமுகப்படுத்தியவர் நான் கட்டிக்கொள்ளப்போகும் மலரின் சித்தப்பா.

கல்யாணத்துக்கு முன் கடற்கரையில் எடுத்த படத்தில் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். அவர் கைப்பேசியைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல லாரி, கீழ சைக்கிள்."

மலரின் அப்பா அரசாங்க வேலையில் ஓய்வுபெற்றவர். கவிதை எழுதுகிறவனுக்குப் பெண் கொடுக்க ஒரு வருடம் மறுத்தார். மகளின் பிடிவாதத்துக்காகச் சம்மதித்த பிறகும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மலர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கனவு காணாம இருங்க. அப்பா முன்னாடி என்னைய அசிங்கப்படுத்திராதீங்க." தலையாட்டினேன். (ஆட்டும்போதே ஏதோ மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். இன்றும் சொல்வாள்.)

எனக்கோ வேறு கவலை. மண்டப வாசலில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போவது வழக்கம். வேட்டியைத் தூக்கித்தான் ஆகவேண்டும். சுற்றி நிற்பது முழுக்கப் பெண்வீட்டார். தம்பியோ பந்து விளையாடுகிறவன். கெண்டைக்கால் ஒவ்வொன்றும் பழுத்த பப்பாளி.

சேகரிடம் போனேன். "கெண்டச்சத பிடிவாதக்காரன் மச்சான். நாள் முழுக்க உன்னயச் சொமந்துகிட்டு நடக்கிறவன், சும்மா எக்கினா அசருவானா? படி நுனியில நில்லு. குதிகால் நல்லா கீழ எறங்கட்டும். மெதுவா மேல வா, ஒரு மூச்சு நில்லு, மெதுவா எறங்கு. அப்புறம் உக்காந்துகிட்டு, முட்டியில வெயிட்ட வச்சுத் தூக்கு. உள்ள இருக்கிற சதைக்கு அதான் வேல. குதிக்காத லா. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே நிறுத்திரு."

கடைசி வாக்கியம் வருவதற்குள் நான் மனத்தால் கிளம்பிவிட்டிருந்தேன்.

அதன் பிறகு என் உலகம் ஒரு குதிகால் உயரம் மேலே போனது. விடியலில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவேன். எல்லைப் பாலத்தில் பேருந்து நகராத நாட்களில் எல்லோரும் இறங்கி நடப்பார்கள். நான் நுனிக்காலில் நடப்பேன். நீரிணையில் இரண்டு நாட்டு விளக்குகளும் கலந்து, எது எந்தக் கரையுடையது என்று தெரியாமல் நடுங்கும். நடக்கவில்லை, மிதக்கிறேன் என்று தோன்றும். குடிநுழைவு வரிசையிலும் ஏறி இறங்கியபடியே நின்றேன். அதிகாரி மலாயில் அண்ணன் முறை வைத்து அக்கறையோடு கேட்டார்: "கழிவறைக்குப் போகணுமா, அபாங்?"

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை அடுக்குமாடிப் படியின் விளிம்பில் நின்று, செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி ஏறினேன், இறங்கினேன். வானம் ஆரஞ்சாகி, ஊதாவாகி, ஒன்றுமில்லாமல் ஆகும்வரை நிறுத்தத் தோன்றவில்லை.

மறுநாள் வாசலில் வேட்டியைத் தூக்கினேன். ஒருவரும் பார்க்கவில்லை. காலைக் கழுவிய தம்பியின் கண்ணும் நான் அவனுக்குப் போடப்போகும் மோதிரத்தின் மேலேயே இருந்தது.

தாலி கட்டியாயிற்று. அடுத்து அம்மி. குந்தி உட்கார்ந்து, மலரின் பாதத்தை எடுத்து அம்மியின் மேல் வைத்து, மெட்டியைப் போட்டேன். அந்த நொடியில் என் இரண்டு கெண்டைக்கால்களும் கல்லாகிவிட்டன.

"மாப்பிள்ள, எந்திரிங்க," என்றார் குருக்கள்.

நான் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தேன்.

"பாத்தியா, எவ்ளோ பாசம். விட மனசில்ல," என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"கால விடுங்க," என்றாள் மலர், உதடு அசையாமல்.

"விட்டா விழுந்துருவேன்."

"கனவா?"

"சதப்பிடிப்பு."

சொல்லி முடிப்பதற்குள் பக்கவாட்டில் சாய்ந்தேன். பாதத்தை மட்டும் விடவில்லை. ஆகவே அவளும் வந்தாள். குத்துவிளக்கு தப்பியது. பூத்தட்டு தப்பவில்லை.

மலர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பட்டுப்புடவையோடு அங்கேயே உட்கார்ந்து, என் ஒரு காலை நீட்டி, விரல்களை என் முகத்தை நோக்கி அழுத்தினாள். வலி மெல்லக் கரைந்தது. சிதறிய மல்லிகைக்கு நடுவே மல்லாந்து கிடந்தேன். மேலே மின்விசிறிகள் சோம்பேறிப் பறவைகளாய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் கை சூடாக இருந்தது. உண்மையில், எழுந்திருக்கவே மனமில்லை.

அப்போது இன்னொரு காலை யாரோ பிடித்தார்கள். மாமனார். புது வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தார்.

"முட்டிய மடக்காதீங்க, மாப்ள," என்றார்.

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. மலர் முகத்தை மாலைக்குள் புதைத்துக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதே குருக்கள்தான் இன்றும் அந்தக் குடும்பத்துத் திருமணங்களை நடத்துகிறார். சென்ற மாதம் கெலாங் பாத்தாவில் மலரின் சித்தி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அம்மிக்கு முன்னால் குந்தப் போனார். குருக்கள் மந்திரத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியிலேயே கேட்டார்: "தம்பி, இந்த வாரம் ஜிம்முக்குப் போனீங்களா?"

"இல்ல சாமி."

"அப்ப தைரியமா குந்துங்க."

மண்டபம் முழுக்கத் திரும்பி என் காலைப் பார்த்தது. நான் வேட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.