பனிமலைக்கு ஒரு கோட்டு

ஐம்பத்துமூன்றாவது வயதில் தையல்காரருக்குத் திடீரென்று வீராவேசம் வந்தது. பனிமலைக்குப் போக வேண்டும். தனியாக. முதுகில் ஒரு பை, பைக்குள் ஒரு கூடாரம், கூடாரத்துக்குள் தான். காலமெல்லாம் ஊரார் இடுப்பையே அளந்த மனுஷன், தன் வாழ்க்கை நீளமா குட்டையா என்று ஒருநாளாவது உட்கார்ந்து யோசிக்க வேண்டாமா?

யோசிக்க வீட்டில் இடமில்லையா என்று மனைவி கேட்பாள், பதில் சொல்லலாம் என்று காத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"நானும் வரட்டுமாங்க?"

"அங்க குளிரும்."

"உங்களுக்கு மட்டும் வெயிலடிக்குமா?"

"மலையேறுற குழுவுல ஒரே ஒரு இடம்தான் பாக்கியாம்."

அது உண்மைதான். உண்மையைச் சொல்லும்போது ஏன் இத்தனை நிம்மதியாக இருந்தது என்பதுதான் அவரை அன்று முழுக்க அரித்தது. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அரித்தது.

மலையேற்றக் குழுவை நடத்தும் பெண்மணிக்குக் கழுத்தில் எப்போதும் ஒரு விசில். ஊருக்கே அவர் விசிலக்கா. போன் போட்டு இடம் பிடிக்க வேண்டும். தையல்காரருக்குப் போனை எடுத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"நீயே பேசிடு. ஒரு ஆள்னு சொல்லு."

பேசினாள். ஒரு ஆள் என்றுதான் சொன்னாள்.

பிறகு சாமான்கள் வர ஆரம்பித்தன. கூடவே சந்தேகங்களும் வந்தன. தானே தைத்த கோட்டு காற்றைத் தடுக்குமா? தூக்கப் பைக்குள் இறகு நல்லதா, பஞ்சு நல்லதா? நனைந்தால் இறகு என்ன ஆகும்? மேலே எவ்வளவு போர்த்தினாலும், கீழே மெத்தை சரியில்லாவிட்டால் தரை சூட்டை உறிஞ்சிவிடுமாமே? சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் மெத்தையை அழுத்திப் பார்த்தார். திரும்பி வந்து, கை கழுவி, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

தொழில் தந்த கோளாறு ஒன்றும் இருந்தது. எந்தத் துணியும் அடுத்தவர் உடம்பில் ஏறி நின்றால்தான் அவர் கண்ணுக்குப் பிடிபடும். கண்ணாடியில் தன்னைப் பார்த்தால் தொப்பைதான் தெரியும், தையல் தெரியாது.

"கொஞ்சம் இதைப் போட்டு நில்லு."

மனைவி கோட்டைப் போட்டு நின்றாள். அவர் மேஜை விசிறியைத் தூக்கிவந்து முழு வேகத்தில் வைத்தார்.

"காத்து எங்க நுழையுது?"

"இடுப்புல."

"இடுப்புலயா?"

"தொளதொளன்னு இருக்குல்ல. கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார்.

"தோள்ல மட்டும் லேசா இறுக்குது."

தளர்த்தினார். சுற்றி வந்து பார்த்தார். அப்படியொரு கச்சிதம். தனக்காகத் தைத்தது இவ்வளவு நன்றாக அமைந்ததில்லை என்று பெருமைப்பட்டார்.

அடுத்தது பூட்ஸ். ஆணுக்குச் சின்னப் பாதம் அவருக்கு, பெண்ணுக்குப் பெரிசு அவளுக்கு; அளவு ஒன்றுதான். கல்யாணமான புதிதில் செருப்பு மாறிப்போய், இருவருமே கவனிக்காமல் நடந்த தம்பதி. ஆக, அவள் போட்டு நடந்தாலும் பூட்ஸ் பழகிவிடும்.

"புதுசு கடிக்கும். கொப்புளம் வந்தா என்னால மலையேற முடியாது."

"எனக்கு வந்தா?"

"நீ வீட்லதானே இருக்கப்போற."

முதுகுப் பையில் இஸ்திரிப் பெட்டியையும் துணிச் சுருள்களையும் அடைத்து அவள் தோளில் மாட்டினார். நாலு மாடி ஏறி இறங்க வேண்டும், பட்டை எங்கே அழுத்துகிறது என்று சொல்ல வேண்டும். தினமும் ஏறினாள். முதலில் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு நிற்கவில்லை. பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். தையல்காரர் கீழ்ப்படியில் உட்கார்ந்து கையுறையைப் பற்றிக் கவலைப்பட்டார்.

"விரல் தனித்தனியா இருந்தா கயித்துல முடிச்சுப் போடலாம், ஆனா விறைச்சுடும். நாலு விரலும் ஒரே உறைக்குள்ள இருந்தா கதகதப்பு. ஆனா கயிறு?"

"மெலிசா அஞ்சு விரல் உறை உள்ள. அதுக்கு மேல தடிப்பா ஒரே உறை. முடிச்சுப் போடணும்னா மேல உள்ளதைக் கழட்டிக்கங்க."

"அதெல்லாம் அனுபவசாலிங்க சொல்லணும்."

கிளம்புவதற்கு முதல் நாள் விசிலக்கா வந்தார். சாமான்களைப் புரட்டினார். "உள்ள மெலிசு, மேல தடிப்பு. கையுறை சரியா எடுத்திருக்கீங்க. போட்டுக் காட்டுங்கம்மா."

"போறது நான்," என்றார் தையல்காரர்.

"என் லிஸ்ட்ல இவங்க பேர்தானே இருக்கு?"

தையல்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஒரு ஆள்னு சொல்லச் சொன்னீங்க," என்றாள் அவள். "எந்த ஆள்னு நீங்க சொல்லலையே."

"பேரை மாத்திக்கலாமில்ல?" என்று விசிலக்காவைக் கேட்டார்.

"தாராளமா சார். கோட்டைப் போட்டு, பையோட நாலு மாடி நிக்காம ஏறுங்க. எல்லாருக்கும் வைக்கிற சோதனைதான்."

கோட்டின் ஜிப் தொப்புளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவரே பிடித்த பிடி. திறந்த கோட்டோடு, பையும் பூட்ஸுமாகக் கிளம்பினார். முதல் மாடி வரை மானத்தால் ஏறினார். இரண்டாவது மாடியில் மானமும் தீர்ந்தது. உட்கார்ந்தார். மனைவி வந்து கோட்டையும் பையையும் பூட்ஸையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் காலை மடக்கிக்கங்க," என்று அவரைத் தாண்டிப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

பின்னாலேயே ஏறி வந்திருந்த விசிலக்கா கோட்டின் தோளைத் தடவிப் பார்த்தார். "உங்களுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு. யார் தைச்சது?"

"இதோ உக்காந்திருக்காரே. அளவு பார்க்கறதுல இவரை அடிச்சுக்க ஆளில்லை."

தையல்காரர் வெறும் சாக்ஸோடு நிமிர்ந்து பார்த்தார்.

மனைவி குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்க தனியா உக்காந்து யோசிக்கணும்னீங்களே, நான் திரும்பி வர்ற வரைக்கும் வீடு காலிதாங்க."