மேகத்தில் காயப்போட்ட மப்ளர்

சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்கு விதிகள் உண்டு. நடத்துகிறவனுக்குப் பொறுப்புகள் உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு இருப்பது ஒரே கடமை: சும்மா நிற்பது. தாலுகா அலுவலகத்தில் எந்த மனு எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய எனக்கு அந்த ஒரு கடமையைச் செய்யத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் மே பிறந்தால் ஞாயிறுதோறும் சைக்கிள் ரேஸ் நடக்கும். பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த காதர் ராவுத்தர் நடத்துவார். ஒரு வாரம் ஏரியைச் சுற்றி, ஒரு வாரம் செங்குத்து மேட்டில், கடைசி வாரம் பெருமாள்மலை வரை இறங்கித் திரும்ப ஏறுவது. எல்லாம் சேர்த்து முன்னால் நிற்பவனுக்குக் கோப்பை. நான் ஒன்றுவிடாமல் போனேன். சைக்கிள் மீது அவ்வளவு ஆசையா என்றால், எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. (இன்றும் தெரியாது.)

சந்திரா வருவாள், அவ்வளவுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். அவளுக்குப் பூ நாற்றுப் பண்ணையில் கூலி வேலை. அண்ணன் செல்வராசு ரொட்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு மேடெல்லாம் மிதித்து விற்பவன். மதுரையில் ஒரு மில்லின் சைக்கிள் அணிக்கு ஆள் தேடினார்கள். அந்த வருடம் கோப்பை வாங்குகிறவனுக்கு அணியில் இடமும் மில்லில் வேலையும் என்று பேச்சு. ஆகவே அவள் ரேஸ் பார்க்க வரவில்லை, வீட்டுச் சோற்றைப் பார்க்க வந்தாள். கண் சாலையை விட்டு நகராது. அந்த மே முழுவதும் அவள் என்னிடம் பேசியது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாத்தையா, மறைக்குது" என்பது மட்டும்தான். (மாத்தையா என்பது அந்தத் தோட்டங்களில் 'சார்'.) அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உயிர் வாழ்ந்தேன்.

மறைக்காமலும் தெரிய வேண்டும் அல்லவா? ரத்தச் சிவப்பில் ஒரு மப்ளர் வாங்கினேன்.

கடைசி ஞாயிறு. சாலை பிரியும் முக்கில், பள்ளங்கிக்குப் போகும் பக்கம் அவள் நின்றாள். எதிரே நான். செல்வராசு முன்னணியில் வருகிறான் என்று மேலிருந்து செய்தி வந்தது. கூடவே மேகமும் இறங்கியது. அவள் மறைந்துபோனாள். பொறுக்க முடியவில்லை. பள்ளங்கிப் பக்கமாக நாலு எட்டு நடந்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று மப்ளரைக் கழற்றித் தலைக்குமேல் வீசிக் காட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையில் கடும் மேகம் இறங்கினால் பஸ் கண்டக்டர் இறங்கி, சிவப்புத் துண்டை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார். டிரைவர் சாலையைப் பார்ப்பதில்லை, துண்டைத்தான் பார்ப்பார். சிவப்புத் துணி திரும்பினால் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும் என்பது அங்கே தாய்ப்பாலோடு வந்த பாடம்.

மணிச்சத்தம் கேட்டது. செல்வராசு என்னை உரசிக்கொண்டு பள்ளங்கிப் பாதையில் இறங்கினான். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். மேகத்துக்குள்ளிருந்து சந்திராவின் குரல் மட்டும் வந்தது: "அது பெருமாள்மலை ரோடு இல்லையே?"

மப்ளரைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். எப்போதும் கடைசியாக வரும் தபால்காரர் அன்றும் கடைசியாக வந்தார். பார்க்கத் துணி எதுவும் இல்லாததால் சரியான வழியில் போய், பெருமாள்மலையில் டீ குடித்து, திரும்பி வந்து வெற்றி பெற்றார். மற்றவர்கள் பள்ளங்கிப் பூண்டுக்காட்டுக்காரர்கள் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

சாயங்காலம் ராவுத்தர் கடையில் விசாரணை. அந்தச் சிவப்பில் மப்ளர் ஊரில் ஒன்றுதான் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவன், செல்வராசுவின் தங்கச்சியும் அங்கேதான் நின்றாள், மொத்தக் கணக்கில் அவன்தான் முன்னால், இந்த ரேஸ் கெட்டுப்போனால் கோப்பை அவனுக்கே, இது அவர்கள் செட்டப், அவனை நீக்கவேண்டும் என்றான். சந்திரா வாசலில் நின்றாள்; முகத்தில் ரத்தமே இல்லை. ராவுத்தர் என்னிடம் திரும்பினார்.

"படிச்ச ஆளு நீங்க. யாரப் பாத்து வீசுனீங்க தம்பி?"

உண்மையைச் சொன்னால் அண்ணனுக்குக் கோப்பை போகும், தங்கைக்குப் பேர் போகும். விசாரணைகளில் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும் என்பதே நடைமுறை. நான் பொய்யைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"யாரயும் இல்லீங்க. மப்ளர் ஈரமா இருந்துச்சு. காயப்போட்டேன்."

ராவுத்தர் வெளியே பார்த்தார். எதிர்க்கடையே தெரியவில்லை.

"இந்த மேகத்துலயா?"

"ஆமாங்க."

கடை சிரிப்பில் குலுங்கியது. என்னை உரித்துவிடும் எண்ணத்தோடு வந்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராவுத்தர் தீர்ப்புச் சொன்னார்: "கிறுக்குத்தனத்துல சதி கெடையாதுப்பா. அடுத்த ஞாயித்துக்கெழமை மறுபடி விடுவோம்." வாசலில் சந்திராவும் சிரித்தாள். சிரித்தபடி, முதல் தடவையாக, என்னை முழுசாகப் பார்த்தாள்.

மறுவாரம் செல்வராசு ஜெயித்தான். ஜூன் மழையில் அந்தக் குடும்பம் மொத்தமும் மதுரை பஸ்ஸில் ஏறியது. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் எங்கே எழுதிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியும். இதற்கு எந்த மேசை என்று தெரியவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை நின்றேன். மப்ளரை வீசவில்லை.

கதை ஊரெல்லாம் பரவி, பிற்பாடு வந்த என் மனைவிக்கும் போய்ச் சேர்ந்தது. அடைமழையில் துணி காயாவிட்டால், "உங்க கையில குடுத்துரவா?" என்பாள். என் பெண்ணும் மருமகனும்கூட அதையேதான் சொல்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன், பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் பேரப்பிள்ளைகளோடு ஒரு அம்மாள் இறங்கினார். என் கழுத்தில் கிடந்த வெளுத்த மப்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காஞ்சிருச்சா மாத்தையா?"

"இல்லீங்க. இன்னும் ஈரமாத்தான் கெடக்கு."

பக்கத்தில் நின்ற என் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.