சன்னத்தாரும் பழப்புளியும்

எனக்குப் பிரசர் வந்ததற்கு லா ஷப்பல் தமிழ்க்கடைக் கொத்துரொட்டிதான் காரணமென்று டொக்டர் சொல்கிறார். பச்சைப் பொய். முழுக் காரணமும் சன்னத்தார்தான்.

எங்கள் ஊரில் சன்னம் என்றால் துப்பாக்கிக் குண்டு. அந்தச் சனியனுக்குப் பயந்துதான் நாங்கள் வீடு, வளவு, ஆடு, மாடு அத்தனையையும் விட்டுவிட்டு ஓடிவந்தோம். அப்படி ஓடிவந்த ஒருவர், இந்தப் பிரெஞ்சு நாட்டில், மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில், என்னோடு ஒரே அறையில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறிப் போய்ச் சன்னம் வாங்கி வந்தால் கோபம் வருமா வராதா?

இந்த நாட்டின் வடக்கே, முதலாம் உலக யுத்தம் நடந்த வயல்களில், உழும்போது இன்னமும் பழைய சன்னங்களும், சுட்டபின் மிஞ்சிய பித்தளைக் கோதுகளும் கிளம்புமாம். சிலவற்றில், பதுங்குகுழிக்குள் கிடந்த சிப்பாய்கள் கத்தி முனையால் பூவும் குருவியும் செதுக்கியிருப்பார்கள். உழவர்கள் அவற்றைப் பழைய சாமான் சந்தையில் கொண்டுவந்து பரப்புவார்கள். கூட்டம் வருவதற்கு முன்பே சன்னத்தார் அங்கே நிற்பார்.

"அண்ணை, உங்களுக்கு மண்டையில ஏதும் பிழையே? ஊரில சும்மா பறந்து வந்ததை இஞ்சை காசு குடுத்து வாங்கிறியள்!"

"உது வேறை, தம்பி. இதைச் செதுக்கிக்கொண்டிருந்த நேரம் அவன் ஒருத்தரையும் சுடேல்லை."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. சாமிப்படம் இருக்கிற அறைக்குள் சன்னம் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். அவரும் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் பிஸ்கட் தகரத்தில் போட்டு ஜன்னலுக்கு வெளியே வைத்தார். மழை வந்தால் தகரத்துக்கு மேலே என்னுடைய குடையை விரித்துக் கட்டிவிடுவார். நான் நனைந்துகொண்டு கடைக்கு வேலைக்குப் போவேன்.

ஒருநாள் மாலை, பன்னிரண்டாம் இலக்க மெட்ரோவில் அவருடைய பை அறுந்தது. சன்னங்கள் சனத்தின் கால்களுக்கிடையில் உருண்டோடின. "பயப்பிடாதேங்கோ, எல்லாம் பழசு!" என்று தமிழில் ஆறுதல் சொன்னார். அடுத்த நிலையத்தில் பெட்டி காலி. அந்த நேரத்து மெட்ரோவில் எனக்கு இருக்க இடம் கிடைத்தது அன்று மட்டும்தான். பிறகு பொலிஸ் வந்தது. நான் வியர்த்து விறுவிறுத்து விளக்கம் சொல்ல, இவர் அவர்களுக்குக் குருவி செதுக்கிய ஒரு கோதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு நல்லகாலம் வந்தது. வடக்கில் ஒரு சிற்றூரில், இந்த மாதிரிப் பொருட்களைச் சேர்ப்பவர்கள் நடத்தும் கண்காட்சியில் அவருக்கும் ஒரு மேசை தருவதாகச் சொன்னார்கள். மனிதருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. புதுக் கோட் வாங்கினார். என் கடைக்கு வந்து பழப்புளி வாங்கினார். கண்காட்சிக்கு முதல்நாள் குளியலறைக்குள் இருந்து, புளியும் என் சாமித்தட்டு ஊதுபத்திச் சாம்பலும் போட்டு, தீபாவளிக்குக் குத்துவிளக்கு மினுக்குவதுபோல அத்தனையையும் மினுக்கித் தள்ளினார். விசேஷத்துக்கு வைக்கிற பித்தளையை மினுக்காமல் வைக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது.

மொழிபெயர்க்க நானும் போனேன். கண்காட்சித் தலைவர் மேசையைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"கழுவினீர்களா?"

"உய், மெசியே" என்று பெருமையாகத் தலையாட்டினார் சன்னத்தார்.

"நூறு வருடத்து மண்ணும் களிம்பும்தானே இதன் பெறுமதி! நாசமாக்கிவிட்டீர்கள். இதையெல்லாம் இங்கே வைக்க முடியாது."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். சன்னத்தார் என்னைப் பார்த்தார். "என்னவாம், தம்பி?" சொன்னேன். குருவியைக் கையில் எடுத்தார்.

"அவரிட்டைச் சொல்லும். செய்தவன் இதை ஊத்தையாவோ வைச்சிருந்தவன்? தன்ரை களிசான் துணியிலை தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கி, வீட்டை போகேக்கை பிள்ளைக்குக் குடுப்பமெண்டு வைச்சிருப்பான். மண் பேந்து வந்தது. அவன் செத்தாப்பிறகு."

அதை ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். தலைவர் கேட்டுவிட்டு, விதி விதிதான் என்று தோளைக் குலுக்கினார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! மனிதன் உயிரோடு தொட்டது இவர்களுக்கு வேண்டாமாம், செத்தபிறகு ஒட்டிய ஊத்தைதான் வேண்டுமாம்! கேட்கக்கூடாததெல்லாம் இரண்டு பாஷையிலும் கேட்டேன். சன்னத்தார்தான் என்னைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். ரயிலில் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அறைக்கு வந்ததும் வழக்கம்போல ஜன்னலைத் திறந்தார்.

"எங்கை வைக்கிறியள்? மழை பெய்யிறது தெரியேல்லையே?" என்று கத்தினேன்.

"உள்ளுக்கை வைக்கேலாது. உம்மடை சட்டமெல்லே."

"சட்டமும் மண்ணாங்கட்டியும்! இஞ்சை கொண்டாங்கோ!"

தகரத்தைப் பறித்து, குருவியை எடுத்துச் சாமித்தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சன்னத்தார் இப்போது நகரத்துக்கு வெளியே, எபினேயில் மகளோடு இருக்கிறார். தகரத்தைக் கொண்டுபோனவர் குருவியை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அது சும்மா இருந்து கறுக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் பழப்புளி போட்டு மினுக்க வேண்டியிருக்கிறது. எனக்கென்ன வேறு வேலை இல்லையா?

மழை நாட்களில் என் குடை இப்போது எனக்கே கிடைக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.