கிளித்தட்டுக்காரன் காத்த பத்ரோன்

'தெரியாது' என்று சொல்ல வெட்கப்படுகிற மனிசனை எந்தக் கடவுளாலும் காப்பாற்ற ஏலாது. வாலிப வயதில் நான் அந்தச் சொல்லைத் தமிழிலும் பழகவில்லை, பிரெஞ்சிலும் பழகவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி, பிரெஞ்சு நாட்டுக்கு வந்த புதிது. லாஷப்பலில் கூட்டமாக ஒரே அறை. பகலில் ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் தற்காலிக வேலை. என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று மாதக் கடைசியில் பத்ரோன், அதாவது முதலாளி, முடிவு செய்வார். வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். அதனால் முதலாளி தும்மினாலே நான் கைக்குட்டையோடு ஓடுவேன்.

அவருக்கு அப்போது அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம். (பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையிலே கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.) ஒரு சனிக்கிழமை என் தோள்களை மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நாளைக்கு முன்வரிசையில் ஓராள் குறையுது. நான் பந்து எறியும்வரை, கோட்டிலே நின்று ஒருத்தரையும் என்னிடம் வரவிடாமல் மறிக்கவேணும். பழக்கமிருக்கா?"

கோட்டிலே நின்று மறிப்பதா? ஊரில் கிளித்தட்டு விளையாட்டில் கோடு மறித்தே வளர்ந்தவன் நான். கடக்க வருகிறவனைக் கையால் தொட்டால் போதும், அவன் அவுட்.

"வீ, வீ," என்று பிரெஞ்சிலே ஆமாம் போட்டேன். "சின்ன வயசிலிருந்தே."

ஞாயிறு காலை, அறைத்தோழர் செல்வம் அண்ணையும் மைதானத்துக்குக் கூட வந்தார்.

"உதென்னடா, மோட்டார் சைக்கிள் இல்லாமல் ஹெல்மெட்?"

"சும்மா இருங்கோ அண்ணை. வேலைப் பிரச்சினை."

"உனக்கு எதிரிலே நிக்கிறவனைப் பாத்தியே? ஃபிரிட்ஜுக்குக் கால் முளைச்ச மாதிரி."

விசில் ஊதியது. ஃபிரிட்ஜ் புறப்பட்டது. கைக்குப் பழைய வித்தை மறக்கவில்லை. அவன் தோளில் பதமாகத் தொட்டேன். தொட்டதும் மரியாதையாக விலகி, வெளியே போக வழியும் விட்டேன். (அவுட்டானவனை மறிப்பது எங்கள் ஊரில் வம்புக்காரன் வேலை.)

அவன் வெளியே போகவில்லை. முதுகுக்குப் பின்னால், களஞ்சிய அடுக்கின் உச்சியிலிருந்து மூட்டை விழுகிற மாதிரிச் சத்தம். திரும்பினால், என் பத்ரோன் புல்லில் முகம் புதைத்துக் கிடந்தார்.

செல்வம் அண்ணை பாய்ந்து வந்து நடுவரின் கையைப் பிடித்தார். "அவன் அவுட். இவன் தொட்டதை நான் கண்ணாலே கண்டனான். அவுட்டானவன் எப்படி ஓடுவான்?"

நடுவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை பத்ரோன் கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பயத்தில் இரண்டு தரம் வணக்கம் சொன்னேன். ஏன் அவனை விட்டாய் என்று கேட்டார். களஞ்சியத் தரையிலே கோடு கீறி, கிளித்தட்டை ஓடியோடி விளங்கப்படுத்தினேன். அவர் சப்பாத்துக் காலால் கோடுகளை அழித்தார்.

"இனி மைதானத்துப் பக்கம் வராதே," என்றார்.

அடுத்தது களஞ்சியத்துப் பக்கமும்தான் என்று என் பையை எடுத்தேன்.

"இந்தக் கை சுகமாகும்வரை என்ரை வேலையையும் நீதான் செய்யவேணும். புது ஆளைப் பழக்க இப்ப எனக்கு ஏலாது."

கை சுகமாவதற்குள் அவருடைய வேலை முழுக்க எனக்குப் பழகிவிட்டது, என்னை நிரந்தரமாக்கினார். விசா தப்பியது. மானம் தப்பவில்லை. இன்றைக்கும் காப்புறுதி விற்கிறவன் வந்து மணியடித்தால், நான் கதிரையை விட்டு எழும்ப முன்னமே மனைவி சொல்லுவாள்:

"நீங்கள் இருங்கோ, நான் போறன். நீங்கள் போனால் தொட்டுப்போட்டு உள்ளுக்கு வழி விட்டிடுவியள்."